வட்டமாகப் பின்னினால் கிண்ணமாக வருவது ஏன்?

3 ஜூன் 2024, வாசகி ஒருவரின் கேள்வி

கொக்கி ஊசி ஒன்றால் நூலைப் பின்னும் குரோஷா பழகத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசியும் வூலன் நூலும் வாங்கி, அம்மாவின் பீரோவில் கிடந்த பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்டம் ஒன்றைப் பின்னிக்கொண்டிருக்கிறேன். தையல் போடும் முறையைக் காணொளிகளில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். புத்தகத்தில் உள்ளபடி ஆறு தையலில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு தையல் கூட்டிக்கொண்டு போகிறேன். நான்காம் சுற்று முடிவதற்குள் ஓரம் மேலே எழும்பிக் கிண்ணமாகக் குழிந்துவிடுகிறது. மூன்று முறை பிரித்துப் பின்னிவிட்டேன். ஊசி சரியில்லை, பெரிய ஊசி வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். ஊசியை மாற்றினால் சரியாகிவிடுமா?

3 ஜூன் 2024, இரவு

ஊசிக்குச் செலவு செய்ய வேண்டாம். வட்டம் குழிகிறது என்றால் அதன் ஓரத்துக்குச் சுற்றளவு போதவில்லை என்று பொருள். ஊசி பெரிதானால் தையலின் உயரமும் அகலமும் சேர்ந்தே பெரிதாகும் என்பதால், சின்னக் கிண்ணம் பெரிய கிண்ணமாகுமே தவிரத் தட்டாகாது.

ஒரு சுற்றுப் பின்னி முடிக்கும்போது வட்டத்தின் ஆரம் ஒரு தையலின் உயரத்தளவு கூடுகிறது. பள்ளியில் படித்த இரண்டு பை ஆர் கணக்குப்படி, சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு கூடியாக வேண்டும். சிங்கிள் குரோஷே என்னும் குட்டைத் தையலுக்கு உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் சுற்றுக்கு ஆறு தையல் கூட்டினால் வட்டம் தட்டையாகக் கிடக்கும். முதல் சுற்றில் 6, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18, பத்தாவதில் 60 என்று கணக்கு நிற்க வேண்டும்.

உங்களுக்கு எங்கோ தையல் விடுபடுகிறது என்று நினைக்கிறேன். சுற்றின் கடைசித் தையல், சுற்றை மூடும் ஸ்லிப் தையலுக்கு அருகில் ஒளிந்துகொள்வதால், புதிதாகப் பின்னுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் தையலிலும் ஓர் ஊக்கை மாட்டிவைத்து, சுற்று முடிந்ததும் எண்ணிப் பாருங்கள்.

5 ஜூன் 2024

எண்ணிக்கை 6, 12, 18, 24 என்று சரியாகவே வந்தது என எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முந்தாநாள் நான் சொன்ன காரணம் தவறு. நான்கு சுற்றுக்கு வட்டம் எவ்வளவு அகலம் என்று கேட்டதற்கு, வளைவோடு சேர்த்து ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் என்கிறீர்கள். அந்த எண்தான் விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 4 மில்லிமீட்டர் ஊசியில் குட்டைத் தையல் நான்கு சுற்றுப் போட்டால் நாலரை சென்டிமீட்டர்தான் வரும். நீங்கள் பின்னியிருப்பது அதைப் போல இரு மடங்கு உயரமுள்ள நெட்டைத் தையல்.

புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பிரிட்டனில் அச்சானதாக இருக்கும். பிரிட்டனில் டபுள் குரோஷே என்று எழுதுவதைத்தான் அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்கிறார்கள். பிரிட்டனின் ஹாஃப் டிரெபிள் அமெரிக்காவின் ஹாஃப் டபுள். பிரிட்டனின் டிரெபிள் அமெரிக்காவின் டபுள். பிரிட்டனின் டபுள் டிரெபிள் அமெரிக்காவின் டிரெபிள். பெயர் ஒன்று, தையல் வேறு. புத்தகம் டபுள் குரோஷே என்று குட்டைத் தையலைக் கேட்டது. காணொளி டபுள் குரோஷே என்று நெட்டைத் தையலைக் கற்றுக்கொடுத்தது. நெட்டைத் தையலுக்கு உயரம் இரு மடங்கு என்பதால் சுற்றளவும் இரு மடங்கு வேகத்தில் கூடியாக வேண்டும். பன்னிரண்டில் தொடங்கி, சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். நீங்கள் பாதிதான் கூட்டினீர்கள், அதனால் கிண்ணம் வந்தது.

இதே குழப்பத்தில் நான் ஒரு முழுக் கவுனை இழந்திருக்கிறேன். அக்காவின் ஏழு மாதக் குழந்தைக்காகப் பிரிட்டிஷ் குறிப்பு ஒன்றை வைத்துத் தொடங்கி, டிரெபிள் என்ற சொல்லை அமெரிக்க வழக்கில் எடுத்துக்கொண்டு இரவு இரவாகப் பின்னினேன். பாவாடைப் பகுதி முடிந்தபோது மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆகும் நீளம் இருந்தது. இடுப்போ பச்சைக் குழந்தையின் இடுப்பு. வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தேன், எதிலும் பிழை இல்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும் துணி தவறாக வருகிறதென்றால் தையலின் பெயரைச் சந்தேகிக்க வேண்டும் என்று அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

குறிப்பு எந்த நாட்டு வழக்கு என்று அறிய ஒரு வழி உண்டு. சிங்கிள் குரோஷே என்ற சொல் எங்காவது வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கக் குறிப்பு. ஒரு தையலைத் தாண்டுவதற்கு ஸ்கிப் என்று எழுதினால் அமெரிக்கா, மிஸ் என்று எழுதினால் பிரிட்டன். எங்கள் வீட்டில் அம்மா இந்தப் பெயர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் குட்டைத் தையல், நெட்டைத் தையல் என்றே சொல்லுவார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

6 ஜூன் 2024

ஆங்கிலம் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சொல்ல விட்டுப்போனது. ஜப்பானியப் புத்தகங்களில் சொற்களுக்குப் பதிலாகக் குறியீட்டுப் படம் இருக்கும். சின்ன நீள்வட்டம் சங்கிலித் தையல். பெருக்கல் அல்லது கூட்டல் குறி குட்டைத் தையல். குறுக்குக்கோடு ஒன்று வெட்டிய நெட்டைக்கோடு நெட்டைத் தையல். இரண்டு குறுக்குக்கோடு என்றால் இரட்டை நெட்டை. இதில் பிரிட்டனும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

12 ஜூன் 2024

ஊசியை மாற்ற வேண்டாம் என்று நான் எழுதியதை வைத்து, எந்த ஊசியானாலும் ஒன்றுதானா என்று ஒருவர் கேட்கிறார். ஊசி வட்டத்தைத் தட்டையாக்காது என்றுதான் சொன்னேன்; மற்ற எல்லாவற்றையும் ஊசி மாற்றும்.

ஊசியின் முனையில் மூக்கு, அதற்குக் கீழே நூலைப் பிடிக்கும் தொண்டை, அதற்கும் கீழே உருண்டையான தண்டு, பிறகு கட்டைவிரல் பதியும் தட்டையான இடம். கண்ணியின், அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையத்தின், அளவைத் தீர்மானிப்பது தண்டு. பழகும் நாட்களில் பலரும் கண்ணியைத் தொண்டையிலேயே வைத்து இழுத்துவிடுவார்கள். தொண்டை தண்டைவிட ஒடுங்கியது என்பதால் கண்ணி இறுகி, அடுத்த சுற்றில் ஊசி நுழையாமல் அடம்பிடிக்கும். கண்ணியைத் தண்டு வரை ஏற்றி விட்ட பிறகுதான் அடுத்த தையலுக்குப் போக வேண்டும். தொண்டை படிப்படியாக ஒடுங்கும் ஊசிகளும் உண்டு, மூக்கும் தண்டும் ஒரே கோட்டில் நிற்கும்படி வெட்டிய ஊசிகளும் உண்டு. நெகிழ்வாகப் பின்னும் கைக்கு இரண்டாம் வகை சீரான கண்ணி தரும். இறுக்கமாகப் பின்னும் என் கைக்கு முதல் வகையே ஒத்துப்போகிறது.

நம்பரை நம்ப வேண்டாம். மெல்லிய நூலுக்கான எஃகு ஊசிகளில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். அலுமினிய ஊசிகளில் எழுத்தாகவும் நம்பராகவும் மில்லிமீட்டராகவும் கலந்து பொறித்திருப்பார்கள். மில்லிமீட்டர் ஒன்றுதான் பேசக்கூடிய அளவு. என் தம்பியின் லேத் பட்டறையில் வெர்னியர் காலிப்பர் வாங்கி வந்து ஒரு மதியம் முழுவதும் என்னிடமிருந்த ஊசிகளை அளந்தேன். 4 என்று பொறித்த இரண்டில் ஒன்று 4.05, மற்றொன்று 3.8. ஒரே போர்வையின் முதல் பாதியை ஒன்றிலும் மறுபாதியை மற்றொன்றிலும் பின்னியிருந்தேன். ஓரம் ஏன் கோணலாக ஓடியது என்பது அன்றுதான் விளங்கியது.

நூலிலும் நம்பர் கூடினால் மெலிவுதான். என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுதான் பருத்தி நூலின் நம்பர் என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் எழுதிக் காட்டுவார். நாற்பது சிட்டம் பிடித்தால் நாற்பதாம் நம்பர். குரோஷா நூல் உருண்டையில் அச்சிடும் 10, 20, 40 என்ற எண்கள் மில் கணக்குக்கு அப்படியே பொருந்துவதில்லை என்றாலும், போகும் திசை ஒன்றே.

16 ஜூன் 2024

கேட்ட வாசகியின் வட்டம் தட்டையாக வந்துவிட்டது, ஆனால் ஆறு மூலையுடன் வந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கூட்டும் தையலை முந்தைய சுற்றின் கூட்டலுக்கு நேர் மேலேயே போட்டால் அந்த ஆறு இடங்களும் மூலைகளாக எழும்பி அறுகோணம் ஆகிவிடும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் கூட்டும் இடங்களைப் பாதித் தூரம் தள்ளிப் போடுங்கள்.

30 ஜூன் 2024

குரோஷா நம் பக்கத்துக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு: 1821 அளவில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் வேலைதான் தொடக்கம். என் பாட்டியின் அக்கா இடையன்குடியில் அந்த வேலையைச் செய்தவர்.

4 ஜூலை 2024

நாலு நாளுக்கு முன் எழுதியதைத் திருத்த வேண்டும். நாகர்கோவிலில் கற்பித்தது குரோஷா இல்லை. பாட்டியின் அக்கா வைத்திருந்த சாமான்களை ஊரில் இருக்கும் சித்தியிடம் கேட்டுப் படம் வாங்கிப் பார்த்தேன். வைக்கோல் திணித்த உருளைத் திண்டு, அதன்மேல் ஊசித்துளை போட்ட அட்டை, ஒரு டப்பா நிறையக் குண்டூசி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் முப்பதுக்கும் மேல். அது ரேந்தை. கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து, மாற்றியும் முறுக்கியும் போட்டு, குண்டூசியைச் சுற்றிப் பின்னுவது. மால்ட் தம்பதியரின் மகள் எலைசாதான் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தார். அங்கே ரேந்தை வேலை பரவியது அவர் வழியாகத்தான்.

குரோஷாவில் ஒரே நூல், ஒரே ஊசி, எந்த நேரத்திலும் ஊசியில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் ஒரே கண்ணி. சோதித்துப் பார்ப்பதும் எளிது. குரோஷாவின் கடைசி முனையை அவிழ்த்து இழுத்தால் துணி முழுவதும் ஒற்றை நூலாகக் கையில் வந்துவிடும். ரேந்தையை அப்படி உருவ முடியாது. ரேந்தை என்ற சொல் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தது. இலங்கையின் தென்கரையில் பீரலு என்ற பெயரில் இன்றும் கட்டைகளை வைத்துப் பின்னுகிறார்கள், அங்கும் துணிக்கு ரேந்தை என்றே பெயர். கடைகளில் எல்லாவற்றையும் லேஸ் என்று ஒரே சொல்லில் அடக்குவதால் நானும் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டேன். முப்பது கட்டைகளை ஒரே நேரத்தில் ஆண்ட ஒரு பெண்ணின் கைவேலையை வேறொன்றாக எழுதியது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

21 ஜூலை 2024

சுற்றுக்கு ஆறு என்று முதல் நாள் அடித்துச் சொன்னேன். அதையும் திருத்துகிறேன்.

திருப்பூரில் இருப்பதால் பனியன் கழிவுத் துணி எனக்குக் கிலோக் கணக்கில் கிடைக்கும். இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் நாடாவாக வெட்டி, இரு முனையையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் ஓரங்கள் உள்பக்கம் சுருண்டு, நாடா தடித்த கயிறாக மாறும். தைத்த மூட்டு இல்லாத பனியன் உடலாக இருந்தால் அக்குளுக்குக் கீழே வெட்டி எடுத்து, சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டிக்கொண்டே போகலாம். 9 மில்லிமீட்டர் ஊசி வேண்டும். அம்மாவின் குளியலறை வாசலுக்கு ஒரு மிதியடி போடலாம் என்று குட்டைத் தையலில் தொடங்கினேன். பன்னிரண்டாம் சுற்றில் அது முறம் போல நிமிர்ந்துவிட்டது. எண்ணிக்கையில் பிழை இல்லை, தையலின் பெயரிலும் இல்லை.

அப்போதுதான் அளந்தேன். வூலன் நூலில் என் பத்துத் தையல் 6 சென்டிமீட்டர் அகலம், பத்து வரிசை 5.6 சென்டிமீட்டர் உயரம். 6.28ஐ 5.6ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் 5.86 வருகிறது, ஆறு போதும். பனியன் நாடாவில் பத்துத் தையல் 13 சென்டிமீட்டர் அகலம், பத்து வரிசை 14.5 சென்டிமீட்டர் உயரம். கணக்குப் போட்டால் சரியாக ஏழு. வழுக்கும் நாடா என்பதால் கண்ணியை நான் உயர்த்திப் பிடித்துப் பின்னியிருக்கிறேன். பிரித்து, ஏழில் தொடங்கி, சுற்றுக்கு ஏழு கூட்டினேன். 21ஆம் சுற்றில் 147 தையல், குறுக்கே 61 சென்டிமீட்டர், தரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆறே கூட்டியிருந்தால் 126 தையல்தான். ஓரத்தில் ஒரு சாணுக்கு மேல் துண்டு விழுந்திருக்கும்.

ஆகவே ஆறு, பன்னிரண்டு என்பவை புத்தகம் ஊகித்த எண்கள். உங்கள் கைக்கு என்ன எண் என்பதைப் பத்துத் தையல், பத்து வரிசையில் ஒரு துண்டு பின்னி அளந்துகொள்ளுங்கள். கால் மணி நேர வேலை.

மிதியடியைப் பற்றி இன்னொன்று. நனைந்தால் காயவே காயாது. மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆகிறது. ஒன்று போட்டால் மாற்றுக்கு இன்னொன்றும் போட வேண்டும்.

18 ஆகஸ்ட் 2024

இதுவரை குறைவாகக் கூட்டுவதையே பேசியிருக்கிறோம். அதிகமாகக் கூட்டினால் ஓரம் பாவாடைக் கொசுவம் போல அலையும். அந்தப் பிழையையே வேண்டுமென்று செய்தவர் ஒருவர் இருக்கிறார். டைனா டைமினா என்ற லாட்வியக் கணித ஆசிரியர் 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் தொட்டுப் பார்க்கும்படி அதிபரவளையத் தளத்தை, அதாவது நடுவிலிருந்து விலக விலகத் தட்டையான வட்டத்தைவிட வேகமாகப் பெருகி அலையலையாக மடியும் பரப்பை, குரோஷாவில் பின்னினார். அதற்கு முன் காகிதத்தை ஒட்டிச் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்துகொண்டிருந்தன. 2005இல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் அதே முறையில் பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினார்கள்.

மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு மன்னார் வளைகுடா என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். மூளைப் பவளம் ஒன்றை நான் பின்னுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். விதி மிக எளிது: மூன்று தையல் சாதாரணமாகப் போட்டு, நான்காவதில் இரண்டு போட வேண்டும், கடைசி வரை அதே. 20 தையலில் தொடங்கினால் தட்டையான வட்டம் பத்துச் சுற்றில் 80 தையலுக்குத்தான் போகும். இந்த விதியில் சுற்றுக்குச் சுற்று ஒன்றேகால் மடங்கு பெருகி, பத்துச் சுற்றில் ஏறத்தாழ 186 ஆகிவிடுகிறது. பதினான்காம் சுற்றில் 450ஐத் தாண்டியது. முதல் ஐந்து சுற்றை ஒரு மணி நேரத்தில் முடித்தேன், கடைசிச் சுற்று ஒன்றுக்கே அதே நேரம் பிடித்தது. ஓரம் தன்மேல் தானே மடிந்து மடிந்து, உள்ளங்கையில் வைத்தால் கனமான ஒரு பந்தாகத் திரண்டுவிட்டது. மடிப்புகளைக் கையால் விரித்துக் காட்டியபோது மகள், இவ்வளவு இடமும் இதற்குள்ளா இருந்தது என்று கேட்டாள். பவளம் அப்படி மடிந்து வளர்வதற்கும் அதுவே காரணம். சிறிய இடத்தில் பெரிய பரப்பு கிடைக்கிறது.

19 ஆகஸ்ட் 2024

பவளத்துக்கு அக்ரிலிக் நூலை இறுக்கிப் பின்னுங்கள். மென்மையான பருத்தி நூலில் மடிப்பு நிற்காமல் தொய்கிறது.

8 செப்டம்பர் 2024

வெள்ளையும் சிவப்புமாகப் பருத்தி நூலில் போட்ட மேசை விரிப்பு முதல் சலவையிலேயே இளஞ்சிவப்பாகிவிட்டது. நாற்பது நாள் வேலை. இனி சிவப்பு நூலைப் பின்னுவதற்கு முன்பே உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துவிடுங்கள், சாயம் பிடித்துக்கொள்ளும்.

2 அக்டோபர் 2024

உப்புத் தண்ணீர் யோசனையை நம்ப வேண்டாம். நானே ஊறவைத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் ஒற்றியபோது மறுபடியும் சாயம் இறங்கியது. எங்கள் தெருவில் சாயப்பட்டறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சாயத் தொட்டியில் உப்பு போடுவது, தண்ணீரில் இருக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்கு; அதை நூலோடு பிணைப்பது அதன்பின் போடும் சோடா. பிணையாமல் மேலோடு ஒட்டியிருக்கும் சாயத்தைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி வெளியேற்றியிருக்க வேண்டும். அந்த வேலை குறைந்தால் சாயம் வீட்டுக்கு வந்துதான் இறங்கும் என்று சொன்னார். வீட்டில் உப்பு போடுவதால் அந்த உதிரிச் சாயம் பிணைந்துவிடாது. வினிகரும் பருத்தியில் பயன் தராது.

அவர் சொன்னபடி, சிவப்பு நூலைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, கை பொறுக்காத சூட்டில் சோப்புத் தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளியும் வரை மாற்றினேன். ஏழாவது முறைதான் தெளிந்தது. அதன்பிறகு பின்னியதில் சாயம் இறங்கவில்லை.

10 நவம்பர் 2024

பொம்மை பின்னுகிறவர்களுக்காக. ஊசியால் நூலை மேலிருந்து சுற்றி எடுத்தால் குட்டைத் தையலின் முகம் ப போலக் கால் விரித்து நிற்காமல் கூம்பாகக் கீழே குவியும். நூலுக்கு மேலே ஊசியை வைத்துக் கொத்தி எடுத்தால் தையல் பெருக்கல் குறி போலக் குறுக்காக விழும். இரண்டாவது முறையில் தையல் குறுகி, துணி நெருக்கமாகிறது. உள்ளே இருக்கும் பஞ்சு தெரியாது. ஒரே பொம்மையில் இரண்டையும் கலந்தால் தலை ஒரு மாதிரியும் உடல் ஒரு மாதிரியும் ஆகிவிடும்.

இலவம்பஞ்சு அடைக்கலாமா என்று கேட்டவருக்கு: தலையணைக்கு அது தங்கம், பொம்மைக்கு வேண்டாம். கண்ணிகளின் வழியாக மெல்ல மெல்ல வெளியே வரும், துவைத்தால் கட்டி தட்டிவிடும். செயற்கைப் பஞ்சுதான் துவைக்கத் தாங்கும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மையில் மணியோ பிளாஸ்டிக் கண்ணோ வைக்கவே வேண்டாம். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள். பிள்ளை முதலில் வாயில் வைப்பது அந்த முகத்தைத்தான்.

தொடக்கத்தில் இழுத்து மூடும் மேஜிக் ரிங்கின் வாலையும் கவனியுங்கள். வழவழப்பான பருத்தி நூலில் வாலைக் குட்டையாக வெட்டிவிட்டால் நாலைந்து சலவையில் நழுவி, பொம்மையின் உச்சந்தலையில் ஓட்டை விழும். ஒரு விரல் நீளத்துக்கு வால் விட்டு, ஒரு பக்கம் கோத்து, திரும்பி எதிர்ப் பக்கமும் கோத்த பிறகு வெட்டுங்கள்.

1 டிசம்பர் 2024

நான், அக்கா, அக்காவின் மருமகள் மூவரும் சேர்ந்து ஒரு போர்வைக்குச் சதுரம் பின்னினோம். ஒரே கடையின் நூல், ஒரே அளவு ஊசி, ஒரே குறிப்பு. என் சதுரம் 10 சென்டிமீட்டர், அக்காவுடையது 10.6, மருமகளுடையது 9.5. கைக்குக் கை நூலைப் பிடிக்கும் இறுக்கம் அவ்வளவு வேறுபடுகிறது. மருமகளுக்கு அரை மில்லிமீட்டர் பெரிய ஊசியும் அக்காவுக்கு அரை மில்லிமீட்டர் சின்ன ஊசியும் கொடுத்த பிறகுதான் மூலைகள் சேர்ந்தன. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் அமைப்பைச் சேர்ந்த பெண்கள் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். எத்தனை கைகளின் இறுக்கத்தை ஒன்றோடொன்று பொருத்தியிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அந்தப் பரப்பளவைவிட அந்தப் பொறுமைதான் பெரிதாகத் தெரிகிறது.

15 டிசம்பர் 2024

என்ன விலை வைப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கைப்பை ஒன்றுக்கு நான்கரை மணி நேரமும் 70 ரூபாய் நூலும் ஆயின. ஒரு கடையில் 150 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். மணிக்குப் பதினெட்டு ரூபாய்கூட வரவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் போடுவதுதானே என்று அவர்கள் சொன்ன சொல்தான் என்னைக் கொடுக்காமல் திரும்பி வர வைத்தது.

அந்தச் சொல்லுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் நரசாபுரம் சுற்றிய ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகக் குரோஷா லேஸ் வேலை வேரூன்றி, ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982இல் வெளியிட்டபோது காட்டியது இதுதான்: அந்தப் பெண்கள் நாள் முழுவதும் உழைத்தும், வீட்டில் சும்மா இருப்பவர்கள் என்றே கருதப்பட்டதால் அவர்களுக்குத் தொழிலாளி என்ற பெயரும் கிடைக்கவில்லை, அதற்குரிய கூலியும் கிடைக்கவில்லை. 2024இல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பொருளுக்குக் கிடைத்துவிட்டது, கூலி கைக்கு வந்து சேர வேண்டும்.

நெசவுத்துணிக்கும் பின்னல் பனியனுக்கும் எந்திரம் இருப்பதைப் போலக் குரோஷாவுக்கு இல்லை. குரோஷா எந்திரம் என்ற பெயரில் விற்கும் எந்திரங்கள் உண்டு. அவை பார்டர் நாடா தயாரிக்கும் ஒருவகை நிட்டிங் எந்திரங்கள், அவற்றிலிருந்து வருவது வேறு அமைப்பு. சந்தையில் நீங்கள் காணும் உண்மையான குரோஷா ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டிருக்கிறார். ஆகவே நேரத்தை எழுதிவைத்து, மணிக்கு இவ்வளவு என்று சொல்லிக் கேளுங்கள். நான் இப்போது அதே கைப்பைக்கு 420 ரூபாய் கேட்கிறேன். மாதம் மூன்றுதான் போகிறது, மூன்றும் முழு விலைக்குப் போகிறது.

16 டிசம்பர் 2024

நவம்பர் குறிப்பில் பொம்மைத் தையலின் முகத்தை விளக்கியது குழப்பமாக இருக்கிறது என்று சுட்டிக்காட்டியது நியாயம். ப என்ற எழுத்தை அங்கே இழுத்திருக்கவே வேண்டாம். மேலிருந்து சுற்றி எடுத்தால் தையலின் இரண்டு கால்களும் கீழே ஒரு புள்ளியில் கூடும், கொத்தி எடுத்தால் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று வெட்டும். இவ்வளவுதான்.

12 ஜனவரி 2025

முதலில் கேள்வி கேட்ட வாசகி ஆறு வட்டங்களை முடித்துவிட்டதாகவும், பருத்தி நூலில் போட்ட பெரிய வட்டம் மட்டும் துவைத்த பின் துவண்டு, ஓரத்துக் கூம்புகள் சுருண்டுகொள்வதாகவும் எழுதியிருக்கிறார். இதில் பின்னலின் குற்றம் எதுவும் இல்லை; கஞ்சி போட வேண்டும்.

சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, அதே அளவு தண்ணீர் சேர்த்து, வட்டத்தை முக்கி, பிழியாமல் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுங்கள். தெர்மாகோல் அட்டைமேல் பழைய வேட்டித் துணியை விரித்து, முதலில் நடுப்புள்ளியில் ஒரு குண்டூசி. பிறகு எதிரெதிராக நான்கு கூம்பு, அவற்றுக்கு நடுவே நான்கு, பின் மிச்சமுள்ளவை. ஒரே பக்கமாகக் குத்திக்கொண்டு போனால் வட்டம் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத குண்டூசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரத்தில் துருக்கறை ஏறினால் போகாது. நிழலில் காயட்டும். அலமாரியில் எடுத்துவைக்கும் நாள் வந்தால் கஞ்சியை முழுவதும் அலசிவிட்டு வையுங்கள். கஞ்சி வாசனைக்குக் கரப்பான் வந்து நூலையும் சேர்த்துக் கடித்துவிடும்.